வலது பக்க எஞ்சின் கவர்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடு முன்பக்கம் குறுகி, பின்னால் நீண்டுகொண்டு போகும். வாசலிலிருந்து பின்னால் சமைக்கும் குசினிக்கு ஒரே ஒரு நடைபாதைதான். கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த என் கணவர் ஒரு பழைய ட்ரெயில் பைக்கை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து அந்த நடைபாதையில் சாத்தி வைத்தார். பைக் என்று சொன்னாலும் வந்தது ஒரு சட்டமும் இரண்டு சில்லும்தான். மற்றதெல்லாம் அரிசிச் சாக்குகளில் கிடந்தன. அன்றிலிருந்து நானும் அம்மாவும் உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் குசினிக்குப் போய் வந்தோம்.

அவர் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். சின்ன வயதில் அங்கே தோட்டத்தை மேற்பார்க்கும் சின்னத்துரை இந்த மாதிரி ஒரு பைக்கில்தான் மலை ஏறுவாராம். மழை பெய்து பாதை சேறாகக் கிடந்தாலும் நிற்காமல் ஏறுமாம். பிள்ளைகள் எல்லாம் புகைக்குப் பின்னால் ஓடுவார்களாம். கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்டிருக்கிறேன். ஒருநாள் வாங்கியே விடுவார் என்று மட்டும் நினைக்கவில்லை.

லீவு முடிந்து எயார்போர்ட்டுக்குப் புறப்படும்போது சொன்னார்:

"ரெண்டு மூணு சாமான்தான் இல்ல. நீ எப்படியும் அந்தப் பக்கம்தானே வேலைக்குப் போற. போற வழியில கேட்டுப் பாரேன்."

நான் கொச்சிக்கடையில் துறைமுகத்துச் சரக்குகளை எடுத்துக் கொடுக்கும் ஒரு கொம்பனியில் கணக்குப் பார்க்கிறேன். அவர் சொன்ன கடைகள் இருப்பது பஞ்சிகாவத்தையில், மருதானைக்குப் பக்கத்தில். அது போகிற வழி இல்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில் பஸ் பிடித்துப் போய், வெயிலில் நடந்து, திரும்பவும் பஸ் பிடித்து வர வேண்டும். ஆனாலும் வாசலில் எயார்போர்ட் வானை நிறுத்தி வைத்துக்கொண்டு சண்டை பிடிக்க முடியாது. சரி என்றேன்.

சின்னச் சாமான்கள் ஓரளவு கிடைத்தன. கேபிள், பிரேக் லீவர், செயின் எல்லாம் வேறு பைக்குகளுடையதைப் போட்டுச் சமாளிக்கலாம் என்றார்கள். கிடைக்காமல் போனது வலது பக்க எஞ்சின் கவர். சாப்பாட்டுத் தட்டளவு அலுமினியத் துண்டு அது. எங்கள் பைக்கில் இருந்தது கீழ்ப்பக்கம் உடைந்து, யாரோ பசை பூசி ஒட்டியிருந்தார்கள். அதில் ஒயில் ஊற்றினால் நிற்காது. ஒயில் நிற்காவிட்டால் எஞ்சின் ஓடாது. வெல்டிங் பிடித்துப் பார்க்கக் கொடுத்தேன். சூட்டில் வளைந்து முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது.

அந்த உடைந்த கவரைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். முதலாளிமார் தாளை விரித்துப் பார்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள். சிலர் பாவப்படுவார்கள். "தென் என்னே நே, மிஸ்" என்பார்கள். இப்போது வருவதில்லை என்று சிங்களத்தில் அர்த்தம். இனி வராது என்று நேராகச் சொன்னவர்கள் குறைவு. அடுத்த மாதம் வாங்க என்று சொன்னவர்களால்தான் எனக்கு அதிக அலைச்சல். என் சோற்றுப் பெட்டியில் ஒயில் மணம் ஏறிவிட்டது. ஒபிஸில் பக்கத்து மேசைக்காரி பகலில் வேறிடம் போய்ச் சாப்பிடத் தொடங்கினாள்.

ஒருமுறை ஒரு கடையில் புதிதுபோலவே ஒரு கவர் இருந்தது. சந்தோஷத்தில் அங்கேயே வாங்கிவிட்டேன். மாலையில் போனில் காட்டியதும் கணவர் முகத்தைச் சுளித்தார்.

"ஐயோ, அது பொறகு வந்த மொடல். ஸ்க்ரூ ஓட்டை எல்லாம் எடம் மாறி இருக்கு பாரு."

"எனக்கு எப்படிங்க தெரியும்? பார்க்க ஒண்ணு மாதிரித்தானே இருக்கு?"

"ஓட்டைய எண்ணிப் பார்க்கணும்னு சொன்னேனே."

"நாளைக்கு நீங்களே வந்து எண்ணிப் பாருங்க" என்று போனை வைத்தேன். பிறகு நானே எடுத்தேன். அவரும் பன்னிரண்டு மணிநேர ஷிப்ட் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. இருவரும் களைத்துப்போய் ஒரு அலுமினியத் துண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி அன்றைக்குச் சொல்ல நினைத்திருந்தேன். மறந்துவிட்டது.

மருதானையில் எல்லாரும் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடை இருக்கிறது. நான் அடிக்கடி போய்ப் போய், வெறுங்கையோடு திரும்பினாலும் ஸ்டூலில் இருத்திப் பிளேன்டீ தருவார். ஒருநாள் என்னைக் கண்டதுமே கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நீங்க தேடுற அதே மொடல் வெள்ளவத்தையில ஒருத்தர்ட ஈக்கி. அவரும் ஒங்களப் போலத்தான், சாமான் தேடி இங்க வருவாரு. நம்பர் தாரன், கதைச்சுப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை போனேன். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு மாடிக்கட்டடம். கீழே வாகனம் நிறுத்தும் இடத்தின் மூலையில் பைக்கைத் தறப்பாளால் மூடி வைத்திருந்தார்கள். அதன் சொந்தக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபது வயதிருக்கும், நிலஅளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தறப்பாளை விலக்கினார். வெளியில் பார்க்க முழு பைக். டாங்க் பளபளத்தது, சீட்டில் கிழிசல் இல்லை. வலது பக்கத்தில் அந்தக் கவர், ஒரு கீறல்கூட இல்லாமல். நான் குனிந்து ஸ்க்ரூ ஓட்டைகளை எண்ணினேன். சரியாக இருந்தன.

"வடிவாத்தான் இருக்குது. ஆனா உள்ளுக்கு ஒண்டுமில்லை, பிள்ளை" என்றார். "எஞ்சினுக்குள்ள கிராங் இறுகிப்போச்சு. அது இனி ஒரு இடத்திலயும் எடுக்கேலாது."

எங்களிடம் எஞ்சின் நன்றாக இருக்கிறது, கவர்தான் இல்லை என்றேன். அவருடைய முகம் மாறியதைப் பார்த்ததும், சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது.

"அப்ப உங்கட எஞ்சினை எனக்குத் தாங்கோவன்."

"உங்கட கவரை எங்களுக்குத் தாங்களேன்."

இரண்டு பேருமே சிரித்தோம். இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை.

மேலே கூட்டிப்போய்த் தேத்தண்ணீர் தந்தார்கள். அவருடைய மனைவி என்னைக் குசினிக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, நாங்கள் கனடாவுக்கு மகனிட்டப் போறம். விசா வந்திட்டுது. இவர் அதை விக்கவும் மாட்டாராம், விட்டிட்டு வரவும் மனமில்லையாம். ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. முழுசா நீங்களே கொண்டு போங்கோ."

"எங்க வீட்டில நடக்கவே இடமில்ல அக்கா. நீங்க எங்கட எஞ்சினைக் கேளுங்க. நான் எங்க வீட்டுக்காரரோட கதைச்சுப் பார்க்கிறேன்."

"ஐயோ, எனக்கென்னத்துக்கு எஞ்சின்!" என்று அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு இந்த விஷயத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

கணவரிடம் கேட்டேன். எஞ்சினைக் கொடுக்க முடியாது என்றார், குரலை உயர்த்தாமல்.

இரண்டு வாரம் கழித்து வெள்ளவத்தைக்காரரே போன் எடுத்தார். கவரைத் தர மனமில்லை, ஆனால் அதை வைத்து இன்னொன்று வார்த்து எடுக்கலாம் என்றார். தானே கொண்டு வருவதாகவும், வேலை முடியும்வரை கூட இருப்பதாகவும் சொன்னார். "ஒண்டு மட்டும். உங்கட பைக் ஓடினா, நான் போறதுக்கு முன்னம் ஒருக்கால் ஓட்டிப் பாக்கோணும்."

ஆமர் வீதிப் பக்கம் அலுமினியம் வார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். அவர் கவரைத் துவாயில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். பட்டறைக்காரர்கள் அதை மணலில் அமுக்கி அச்சு எடுக்கும்போது எழுந்து எழுந்து போய்ப் பார்த்தார். மற்ற நேரம் என்னோடு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். உலையின் வெக்கையில் இருவருக்கும் சட்டை நனைந்துவிட்டது.

"வன்னியில அளவை வேலைக்குப் போன காலத்தில இதிலதான் திரிஞ்சனான்" என்றார். "கிரவல் ரோட்டு, குளக்கட்டு, காட்டுப் பாதை. எங்க விட்டாலும் ஏறும்."

"அதே பைக்கா இது?"

"இல்லை. அதை அங்கயே போட்டிட்டு வந்தது. இது பிறகு வாங்கினது."

அவர் எழுந்து மறுபடி அச்சைப் பார்க்கப் போனார்.

முதலில் வார்த்தது ஆறியதும் சற்றுச் சுருங்கிவிட்டது. ஓட்டைகள் ஒன்றுக்கொன்று ஒத்து வரவில்லை. எனக்கு அந்த வாங்கிலேயே சாய்ந்து படுத்துவிடலாம் போலிருந்தது. அடுத்த கிழமை மறுபடி லீவு கேட்டு, மறுபடி அவரை வரச் சொல்லி, மறுபடி அந்த வெக்கையில் இருந்தோம். இந்த முறை விளிம்பைத் தடிப்பாக விட்டு வார்த்து, ஓட்டைகளைப் பிறகு துளைத்தார்கள். சொரசொரப்பாக, சாம்பல் நிறத்தில், வடிவில்லாத ஒரு கவர் கிடைத்தது. அவர் தன்னுடையதை அதன்மேல் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

அவர்களுடைய பயணத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது என் கணவர் லீவில் வந்தார். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. நடைபாதையில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார். குசினிக்குப் போவதற்கு நாங்கள் அவரையும் தாண்ட வேண்டியிருந்தது. இரண்டாம் நாள் பைக்கைத் தெருவுக்கு இறக்கி, உதைத்து உதைத்து, கடைசியில் ஸ்டார்ட் ஆக்கினார். தெரு முழுக்க வெள்ளைப் புகை. மேல்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். என் கணவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்தத் தோட்டத்துப் பையன் தெரிந்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அத்தனை மாத அலைச்சலும் அப்போதுதான் தெரிந்தது. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளவத்தைக்காரர் மனைவியோடு ஆட்டோவில் வந்தார். இஸ்திரி போட்ட நீளக் களிசான், காலில் சப்பாத்து. என் கணவர் சொல்லிக் கொடுக்க வாயெடுத்தார். அதற்குள் அவர் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆக்கி, காலைத் தூக்கிப் போட்டுப் புறப்பட்டுவிட்டார்.

சந்திவரை போய்த் திரும்புவார் என்று நினைத்தோம். திரும்பவில்லை. தேத்தண்ணீர் ஆறிப்போனது. அவருடைய மனைவி போனையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த மனுசன்" என்றார் இரண்டு மூன்று தரம். என் கணவர் தெருவில் இறங்கி நின்றார். டாங்கில் ஒரு சோடாப் போத்தல் அளவுதான் பெற்றோல் விட்டிருந்தாராம். அது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஒரு மணிநேரம் இருக்கும். வெள்ளவத்தைக்காரர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. களிசானில் சேறு. முகத்துவாரம்வரை போனாராம். அங்கே பெற்றோல் முடிந்து, அவ்வளவு தூரமும் தள்ளியே வந்திருக்கிறார்.

"போன் எடுத்திருக்கலாமே, நான் வந்திருப்பேனே" என்றார் என் கணவர்.

"பரவாயில்லைத் தம்பி" என்று மூச்சு வாங்கினார். "தள்ளவும் நல்லாத்தான் இருந்தது."

அவர் மனைவி முந்தானையால் அவருடைய முகத்தைத் துடைத்துவிட்டார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. போகும்போது அவர் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னுடைய பைக்கில் வேண்டியதை எல்லாம் கழற்றிக்கொள்ளச் சொன்னார். அவருடைய மனைவி எனக்குப் பின்னால் நின்று என் தோளைத் தட்டினார். மன்னிப்புக் கேட்டாரா, நன்றி சொன்னாரா தெரியவில்லை.

என் கணவர் லீவின் மிச்ச நாட்களை வெள்ளவத்தையில் அந்தப் பைக்கைக் கழற்றுவதில் செலவழித்தார். நல்ல கவர் எங்கள் பைக்குக்கு ஏறியது. வார்த்த கவர் மற்றச் சாமான்களோடு சாக்குக்குள் போனது. எத்தனை சாக்கு என்று நான் பார்க்கவில்லை. அவர்கள் கனடாவுக்குப் போனார்கள். அடுத்த வாரம் இவரும் கட்டாருக்குப் போனார்.

போகும்போது இந்த முறையும் ஒரு வேலை சொல்லிவிட்டுத்தான் போனார். சும்மா நின்றால் எஞ்சின் இறுகிவிடுமாம். கிழமைக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ண வேண்டுமாம். ஞாயிறு காலையில் அவருடைய பழைய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பைக்கைத் தெருவுக்கு இறக்குகிறேன். கிக்கர் திருப்பி அடித்து என் கெண்டைக்கால் நீலமாகக் கன்றியிருக்கிறது. ஸ்டார்ட் ஆனதும் போனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்வார். கொஞ்ச நேரம் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த ஞாயிறு ஸ்டார்ட் ஆகவில்லை. பிளக் நனைந்திருக்கும், கழற்றித் துடைத்துப் போடு என்றார். கழற்றித் துடைத்து வெயிலில் வைத்தேன். அம்மா உள்ளேயிருந்து, இடியப்பம் ஆறுகிறது என்று சத்தம் போட்டார். சாப்பிட்டுவிட்டுப் பார்க்கிறேன் என்று போனில் அவரிடம் சொல்லிவிட்டு, சவர்க்காரம் எடுத்துக்கொண்டு கை கழுவப் போனேன்.