பரீது திருப்தியடைந்த திங்கட்கிழமை

ஐந்தருவி போகிற வழியில் துண்டும் டவுசரும் விற்கும் பரீதுக்குத் தத்துவம் தொற்றியது சார்ஜாவில். கிடங்கில் பெட்டி அடுக்கிய பதினோரு வருஷமும் காதில் ஒயரைச் செருகிக்கொண்டு கிரேக்க ஞானிகளைப் பற்றியே கேட்டார். மற்றவர்கள் தங்கத்தோடு ஊர் திரும்பினார்கள். இவர் சாக்ரடீஸோடு திரும்பினார். "கஸ்டம்ஸ்ல ஒருத்தனும் நிறுத்தல. வெலபோகாத சரக்குன்னு என் மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிருக்கும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சாக்ரடீஸ் கேள்வி கேட்டே ஆட்களைச் சிந்திக்க வைத்தாராம். பரீதும் முயன்றார். அருவியில் நனைந்து நடுங்கிக்கொண்டு வந்த ஒருவர் துண்டு கேட்க, "இது உங்களுக்கு உண்மையிலயே தேவைதானா, யோசிச்சியளா?" என்றார். அந்த ஆள் யோசித்தார். பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டார்.

அதோடு விட்டிருக்கலாம். தென்காசியில் அவர் குடியிருக்கும் தெருவில் வாறுகால் அடைத்துக் கிடந்தது. மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் முதலில் ஏறுவது எதிர்வீட்டு வடிவம்மாளின் அடுக்களைக்குள். ஐப்பசிக்குள் புது வாறுகால் கட்டியாக வேண்டும். நாலு வார்த்தை பேசத் தெரிந்தவர் என்று தெருவே சேர்ந்து நகராட்சியின் திங்கட்கிழமை மனுநாளுக்குப் பரீதை அனுப்பியது.

"எய்யா, போன மழைக்கு அடுப்புக்குள்ள தவள கெடந்துச்சு. அதையும் மறக்காமச் சொல்லிரு" என்றாள் வடிவம்மாள்.

பரீது சொன்னார். அதிகாரி மூக்கால் பேசினார்: "நிதி மேல இருந்து வரணும்ங்க. என் கையில என்ன இருக்கு?"

பரீதுக்கு மெய் சிலிர்த்தது. நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்தறிந்தவனுக்கே நிம்மதி. சார்ஜாவில் நூறு தடவை கேட்ட பாடம், ஒரு அரசு அதிகாரியின் வாயால் வருகிறதே!

"சத்தியமான வார்த்த சார். நம்ம கையில இல்லாததுக்கு வருத்தப்படவே கூடாது."

இப்படி ஒரு மனுதாரரை அந்த அதிகாரி சர்வீஸிலேயே பார்த்ததில்லை. நாற்காலி வந்தது, டீ வந்தது, கடைசியாக ஒரு தாள் வந்தது. பரீது மலர்ந்த முகத்தோடு கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் மனைவி மிஸ்ரியா காத்திருந்தாள். "என்ன சொன்னாவ?"

"மனசு அப்பிடியே லேசாயிட்டு."

"உங்க மனசுலயா வாறுகா ஓடுது? தெருவுக்கு என்ன சொன்னாவன்னு கேக்கேன்."

"அது அவர் கையில இல்லியாம். ஒரு தாள்ல கையெழுத்து வாங்கினாவ."

"என்ன தாளு?"

"அவர் நீட்டினார், நான் போட்டேன்."

"படிக்கலியா? வாழ்க்கைய ஆராஞ்சு பாக்கணும், ஆராஞ்சு பாக்கணும்னு தெனமும் என்னயப் போட்டு அறுக்குதியளே, ஒத்தத் தாள ஆராஞ்சு பாக்கக்கூடாதா?"

அடுத்த திங்கட்கிழமை இருவருமாகப் போனார்கள். கிளார்க் குற்றாலீஸ்வரன் கோப்பை எடுத்து, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி வாசித்தார்: "மனுதாரர் விளக்கத்தை ஏற்றுத் திருப்தி தெரிவித்தார். மனு முடிக்கப்பட்டது. அண்ணாச்சி, கையெழுத்து உங்களுதுதான?"

"எனக்குள்ளதுதான்."

"திருப்திப்பட்டுட்டு திரும்ப வந்திருக்கீங்க?"

பரீதுக்கு அப்போதுதான் உறைத்தது. இவர் நிம்மதியாகச் சாய்ந்து டீ குடித்த நேரத்தில் வடிவம்மாளின் அடுக்களையைத் தவளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்! கையில் இல்லாததைப் பற்றி அத்தனை பேசியவர், கையில் இருந்த பேனாவை மட்டும் கவனிக்கவில்லை.

"புது மனு போடுங்க. இந்தத் தடவ கையெழுத்து வீட்டம்மா போடட்டும்" என்றார் குற்றாலீஸ்வரன்.

மிஸ்ரியா பெயரில் பரீதே எழுதினார்: 'சென்ற வாரம் இக்கோரிக்கையில் திருப்தி அடைந்தவர் என் கணவர். அவர் எதிலும் திருப்தி அடையக்கூடியவர். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.' மிஸ்ரியா இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்திட்டாள். குற்றாலீஸ்வரன் வாய்விட்டுச் சிரித்துப் பக்கத்து மேசைக்குக் கொடுத்தார். சிரிப்பும் மனுவும் மேசை மேசையாகப் போய் எஞ்சினீயர் வரை சேர்ந்தன.

புதன்கிழமை எஞ்சினீயர் டேப்போடு தெருவுக்கு வந்துவிட்டார். மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வாறுகாலுக்குள் இறங்க வேண்டும். தெருவே பரீதைப் பார்த்தது. கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். முழங்கால் வரை கறுத்த சேறு.

"எய்யா, இன்னுங் கொஞ்சம் தள்ளிப் பிடி, எங்க வாசல் விட்டுப்போவுது" என்று வடிவம்மாள் விரட்டினாள்.

அளந்து முடித்த எஞ்சினீயர் நீளம், ஆழம் குறித்த தாளை நீட்டி, சாட்சிக் கையெழுத்து கேட்டார். பரீது வாங்கினார். சேற்றில் நின்றபடியே, தேதியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்தார். எஞ்சினீயர் மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்.