தீர்மானப் புத்தகத்தில் நான் சேர்த்த சொல்

பொருள் எண் ஏழு

கள்ளக்குறிச்சிக்கு அருகிலுள்ள ஒரு பேரூராட்சி அலுவலகத்தில் உதவியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஊரின் பெயர் இங்கே வேண்டாம். மன்றக் கூட்டத்துக்கு அஜெண்டா தயாரிப்பதும், உறுப்பினர்கள் எடுத்த முடிவுகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதும் என் வேலை. அந்தப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் கூடாது. ஒரு சொல் ஏறிவிட்டால், அடுத்த கூட்டத்தில் இன்னொரு தீர்மானம் போட்டுத்தான் அதை இறக்க முடியும். என் கையெழுத்தில் அப்படி எந்தச் சொல்லும் இறக்கப்பட்டதில்லை என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

அந்த மார்கழிக் கூட்டத்தில் ஏழாவது பொருள், தினக்கூலித் தூய்மைப் பணியாளர்களின் மனு. கூலியை உயர்த்தித் தரும்படி கேட்டிருந்தார்கள். முதல் கைநாட்டு அஞ்சலையினுடையது. கடைத்தெருச் சாக்கடையைப் பல வருடங்களாக அள்ளிவந்தவள். மனுவைக் கொடுத்த அன்றே என் மேசையருகே நின்று சொல்லியிருந்தாள்.

“சாமி, செங்கல் சூளை மேஸ்திரி வூட்டுக்கே வந்து அட்வான்ஸ் குடுக்கறேன்னு குந்திக்கினு இருக்கான். கூலி ஏறலன்னா பொங்கல் கழிச்சி வூட்டப் பூட்டிக்கினு போயிட வேண்டியதுதான். பொண்ணு பத்தாவது படிக்குது. வுட்டுட்டுப் போக ஆளு இல்ல. பரீச்ச எழுதற வரைக்கும் இருக்கணும்னுதான் கேக்கறேன்.”

திருநீறு பூசியவன் என்பதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் நான் சாமி. தலைவருக்கும் அப்படித்தான்.

மனுவை நான் வாசித்ததும் தலைவர் கைகளை விரித்தார்.

“பஞ்சாயத்துல பணம் எங்கய்யா இருக்குது? ஊரு கஷ்டத்துல எல்லாரும் கொஞ்சம் வயித்தக் கட்டிக்கினு போகணும். இல்லன்னு பட்டுனு சொன்னா மனசு ஒடிஞ்சிடும். சாமி, நீங்க தேவாரம் திருவாசகம் படிச்சவரு. பதமா ஒரு வார்த்த போட்டு எழுதுங்க.”

என்னிடம் தமிழைக் கேட்டுவிட்டார் என்ற மகிழ்ச்சி எனக்கு. ஒரு கணமும் தயங்கவில்லை.

“‘ஊர்த் தூய்மையைத் தொண்டு எனக் கருதி, நடப்புக் கூலியிலேயே பணியாளர்கள் தொடருமாறு மன்றம் கேட்டுக்கொள்கிறது’ என்று எழுதலாமா?”

“ஆஹா! தொண்டு! இதுக்குத்தான் சாமி வேணும்ன்றது.”

உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். மன்றம் ஏகமனதாக ஏற்றது.

பொருள் எண் எட்டு

தலைவர், உறுப்பினர்களின் மதிப்பூதியத்தை உயர்த்தி வந்த அரசாணையை ஏற்பது எட்டாவது பொருள். அஜெண்டாவைத் தயாரித்தவன் நான்தான். இரண்டையும் அடுத்தடுத்து டைப் செய்தவனும் நான்தான். ஆயினும் அதுவரை அந்த இரண்டு எண்களும் அருகருகே இருப்பது என் புத்தியில் உறைக்கவில்லை.

“டீசல் இன்னா வெல விக்குது! ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து வுட முடியுதா? இது போதாதுன்னுதான் சொல்வேன்” என்றார் ஓர் உறுப்பினர்.

“ஏம்பா, இப்பத்தான வயித்தக் கட்டச் சொன்னாரு?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“அது ஏழாவது பொருளு. இது எட்டாவது!”

அறை முழுவதும் சிரித்தது. தலைவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வெட்கத்தின் சாயல்கூட இல்லாததுதான் என்னை உறைய வைத்தது. ஒரு வடை தின்று முடிக்கும் நேரத்துக்குள், இல்லாத பணம் இருக்கும் பணமாகிவிட்டது. என் பேனா மட்டும் எழுதிக்கொண்டே போயிற்று: ‘மன்றம் மகிழ்வுடன் ஏற்கிறது.’

வராந்தாவில்

வெளியே பணியாளர்கள் காத்திருந்தார்கள். முடிவைப் படித்துச் சொல்வது என் பொறுப்பு; படித்தேன். அஞ்சலை மட்டும் கேட்டாள்.

“சாமி, தொண்டுன்னா இன்னாங்க? கூலி கம்மின்னு அர்த்தமா?”

“இல்லையம்மா. அது…”

“இல்ல, பிரதோசத்துக்கு ரிஷிவந்தியம் கோயிலுக்கு வரும்போது கேட்டுருக்கேன். நீங்க கண்ண மூடிக்கினு பாடறதுல இந்த வார்த்த வரும். உங்களுக்குக் கண்ணுல தண்ணி வரும். சாமி சம்மந்தப்பட்டதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். எங்களுக்கு எழுதறதுக்கும் அதே வார்த்ததானா?”

அவள் ஏளனமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டாள். அறுபதை நெருங்கும் வயதுவரை எந்தச் சொல்லை நெஞ்சில் வைத்து உருகினேனோ, அந்தச் சொல்லை ஓர் ஏழையின் வாயை அடைக்கும் துணியாகச் சுருட்டிக் கொடுத்தவன் நான். தலைவர் பதமான ஒரு வார்த்தைதான் கேட்டார். அதைக் கருவறையிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான்.

மறுநாள் விடியலில் ரிஷிவந்தியம் கோயிலில், அர்த்தநாரீசுவரர் சன்னதியில் நின்று பாடினேன். அந்தச் சொல் வரும் அடியில் குரல் நின்றுவிட்டது. ஓதுவார் திரும்பிப் பார்த்துவிட்டு, தாமே பாடி முடித்தார்.

அலுவலகக் குறிப்பு

பொங்கல் கழிந்ததும் அஞ்சலையின் வீடு பூட்டிக் கிடந்தது. நான் செயல் அலுவலருக்கு ஓர் அலுவலகக் குறிப்பு எழுதினேன். ‘ஏழாம் தீர்மானத்திலுள்ள “தொண்டு” என்ற சொல் உறுப்பினர்கள் சொன்னதன்று, அடியேன் சேர்த்தது. அதை நீக்கலாம். அல்லது அதே சொல்லை எட்டாம் தீர்மானத்திலும் சேர்த்து, தலைவரும் உறுப்பினர்களும் தம் பணியைத் தொண்டு எனக் கருதிப் பழைய மதிப்பூதியத்திலேயே தொடரலாம்.’

அவர் இருமுறை படித்தார். “சாமி, ரிட்டையர்மென்ட்டுக்கு இன்னும் எவ்ளோ நாளு இருக்குது?”

“ஏழு மாதம்.”

“யோசிச்சித்தான் எழுதனீங்களா?”

“போன மாதம்தான் சார் யோசிக்காமல் எழுதினேன்.”

அவர் பெருமூச்சுவிட்டு, அதை மன்றத்தின் முன் வைத்தார். நான் வாசித்தபோது தலைவரின் முகம் சிவந்தது.

“யோவ் சாமி, எங்களதுல எதுக்குய்யா அது? எங்களுக்குச் செலவு இருக்குதுய்யா!”

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது போலிருந்தது. இம்முறை அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசி நாற்காலியில் இருந்த பெண் உறுப்பினர், “அவங்களுக்கும் செலவு இருக்குதுங்களே” என்று மெல்லச் சொன்னார்.

சொல் நீக்கப்பட்டது. என் கையெழுத்தில் இறங்கிய முதல் சொல் அது. கூலிப் பொருள் ஒத்திவைக்கப்பட்டு, மீண்டும் ஒத்திவைக்கப்பட்டு, சித்திரையில் உயர்வு நிறைவேறியது. அதற்குள் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்திருந்தது. உயர்த்தப்பட்ட மதிப்பூதியம் மட்டும் ஒரு மாதமும் தவறாமல் வந்தது.

திரும்பி வந்தவள்

சூளை வேலை முடிந்து ஆனியில் அஞ்சலை வந்தாள். மீண்டும் வேலையில் சேர்வதற்கான தாளை அவள் முன் வைத்தேன்.

“பெண் பரீட்சை எழுதினாளா?” என்று கேட்டேன்.

“எங்க எழுதறது சாமி? கல்லு அடுக்கிச்சி. தனியா எழுதலாம்னு சொல்றாங்க. பாக்கணும்.”

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றே உண்டு. கேட்பவர் எத்தனை பெரியவராயினும், நீங்கள் வணங்கும் சொல்லை இன்னொருவர் வயிற்றின் மேல் எழுதக் கொடுக்காதீர்கள். இல்லை என்பதை இல்லை என்றே எழுதுங்கள். அந்தச் சொல்லாவது அவர்களை ஏமாற்றாது.

அன்று மையில் பெருவிரலைத் தோய்த்த அஞ்சலை, தாளின் மேல் வைக்காமல் நிறுத்தினாள்.

“சாமி, இதுல அந்த வார்த்த இல்லியே?”

“இல்லையம்மா.”

“நல்லா பாத்து சொல்லுங்க.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அதன் பிறகே விரலைப் பதித்தாள்.