முகர்ந்து பார்த்து மீட்ட மாமா

தெயுதிலா என் அப்பாவுக்கு நேர் மூத்தவள். கூடப் பிறந்த ஏழு பேரில் அத்தையின் வாய்தான் பெரிய வாய். அவள் புருஷன் வில்லிமர் மாமா, பிள்ளை தங்கினால்தான் முடி வெட்டுவேன் என்று கோயிலில் நேர்ந்துகொண்டவர். இரண்டு பிள்ளைகள் போய்விட்டன. முடி இடுப்பைத் தொட்டது.

எங்கள் பர்கண்டி நாட்டு வெசரோன்சில் பிராங்குகளோடு சண்டை வந்த வருஷம் மாமாவும் போனார். பிராங்குகளின் ராஜா அங்கேதான் விழுந்தார். முடியைப் பார்த்துத்தான் ராஜா என்று கண்டுபிடித்தார்கள். அவர்களில் ராஜ வம்சத்தார் மட்டுமே பிறந்ததிலிருந்து கத்தரிக்காத முடி வைப்பார்கள்.

மறுநாள் காலை அத்தை களத்துக்கு ஓடினாள். கொள்ளைக்காரர்கள் துணியை உருவிவிட்டதால் வெற்றுடம்போடு, தாடை உடைந்து பேச்சற்று, பிராங்குக் கைதிகள் நடுவே கட்டுண்டு கிடந்தார் மாமா. நம் பர்கண்டிய ஆட்களே கட்டியிருந்தார்கள். நீள முடியைப் பார்த்து, ராஜாவுக்குத் தம்பியாம்! மத்தியானம் தலை போகப்போகிறது.

“ஐயா, இது எம் புருஷன்!”

காவல்காரன் சிரித்தான். “காலையிலேருந்து மூணு பொம்பளைங்க வந்து இதையேதான் சொன்னாங்க. சும்மா ஒரு அடிமை கெடைச்சா கசக்குமா?”

“இந்த மூஞ்சிய எவ அடிமையா கேப்பா? உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா?”

“முடியப் பாரு தாயி. நம்மாளு எவன் இப்படி வளப்பான்?”

“பாக்காதய்யா, மோந்து பாரு! போற அன்னிக்கு நான்தான் தேச்சு விட்டேன்.”

அவன் மண்டியிட்டு, ரத்தமும் சேறும் காய்ந்த தலையில் மூக்கை வைத்தான். புளித்த வெண்ணெய்; எங்கள் சனம் தலைக்குத் தேய்ப்பது.

“வெண்ணெய யாரு வேணாலும் தேய்க்கலாமே,” என்று இழுத்தான்.

“பிராங்குக்காரனா? நம்ம பக்கத்துல நின்னாலே மூக்கப் பொத்துறவனுங்க அவனுங்க!”

அவன் இன்னொரு தரம் முகர்ந்தான். “எங்கம்மா தேய்ப்பாளே, அதே நாத்தம்,” என்று சொல்லிக் கயிற்றை அறுத்தான்.

பத்து வருஷத்தில் பிராங்குகளே நாட்டைப் பிடித்தார்கள். நம் இளவட்டங்கள் வெட்கப்பட்டு எண்ணெய்க்கு மாறின. இப்போது யார் தலையிலும் அந்த வாசம் இல்லை. எனக்கோ அதை நினைத்தால் அத்தை வீட்டு அடுப்படியே கண்முன் வருகிறது. தாடை கோணிப்போனதால் மாமா சாகும்வரை கஞ்சிதான் குடித்தார். ஒவ்வொரு வேளையும் அத்தை திட்டிக்கொண்டே ஊதி ஆற்றிக் கொடுப்பாள். அவர் சிரிக்க முயன்று பாதியைச் சிந்துவார்.