சாய்ந்த எழுத்தில் ஒரு டியூஷன் சென்டர்

என் கணவர் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெருங்களத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பது என்று முடிவு செய்தார். பெஞ்சு வந்தது, கரும்பலகை வந்தது. வாசலில் மாட்ட ஒரு போர்டு மட்டும் பாக்கி.

தாம்பரத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடைக்கு இருவரும் போனோம். கடைக்காரர் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினார். எல்லாவற்றையும் "சவசவன்னு இருக்கு" என்று தள்ளிக்கொண்டே வந்த என் கணவர், ஒன்றைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பருத்த எழுத்துகள், எங்கோ பாயப் போவது போல் சாய்ந்து நின்றன. ஓரத்தில் வெள்ளைக் கோடு, பின்னால் நிழல்.

"இதுதான். கம்பீரமா இருக்கு."

"சூப்பர் சார். எலெக்‌ஷன் டைம்ல இதான் நமக்கு சோறு போட்டுது" என்றார் கடைக்காரர். நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

போர்டில் இருந்தது 'இயற்பியல் பயிற்சி மையம்' என்பது மட்டும்தான். ஆனால் தெருவில் போகிறவர்கள் எழுத்தைப் பார்த்தார்கள், வாசகத்தைப் படிக்கவில்லை. மறுநாளே பின்தெருவிலிருந்து ஓர் அம்மாள் வந்தார்.

"தலைவர் கீறாரா?"

"எந்தத் தலைவர்?"

"இன்னாமா, போர்டு வெச்சிகினு இப்படி கேக்குற? எங்க தெருவுல சாக்கடை ரொம்பி வூட்டுக்குள்ள வருது. ஒரே பேஜாரா கீது."

"இது டியூஷன் சென்டர்மா."

"அப்போ படிச்சவரா? ரொம்ப நல்லதாப் போச்சு" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு தெருவிளக்கு எரியவில்லை என்று சிலர் வந்தார்கள். கேரம் போட்டிக்குத் தலைமை தாங்க அழைத்தார்கள். முதலில் எரிச்சல்பட்ட என் கணவர், போகப்போக வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தார். மாநகராட்சி அலுவலகத்துக்கு போன் செய்து, வகுப்பில் கடைசி பெஞ்சை அதட்டும் குரலில் பேசினார். சாக்கடை நிஜமாகவே தூர்வாரப்பட்டது. அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதை மடிக்காமல் நாற்காலியில் விரித்தே வைத்திருந்தார்.

டியூஷனுக்கு ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, புது அபார்ட்மென்ட்டில் இருக்கும் பெண் ஒருத்தி என்னை ஓரமாக அழைத்தாள்.

"ஆன்ட்டி, தப்பா நினைக்காதீங்க. அங்கிள் எந்தக் கட்சி? அந்த போர்டைப் பார்த்தா பசங்களை அனுப்பவே பயமா இருக்கு."

மறுநாள் நான் மட்டும் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். "அண்ணா, சாதுவா ஒரு எழுத்து குடுங்க. யார் மேலயும் பாயக் கூடாது" என்றேன். அவர் எடுத்துக் கொடுத்தது உருண்டை உருண்டையாக, அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த போண்டா போல இருந்தது.

புது போர்டைப் பார்த்த என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன இது, பேக்கரியா நடத்துறோம்?"

"கொஞ்ச நாள் இருக்கட்டுங்க" என்று சொல்லி வாய் மூடவில்லை, கேட் அருகே ஒருவர் பைக்கை நிறுத்தி, "அக்கா, எக் பஃப்ஸ் இருக்கா?" என்றார். என் கணவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆனால் அதே வாரம் ஓர் அம்மா தன் மகளோடு வந்தார். மகள் ப்ளஸ் டூ. "மத்த சென்டர் போர்டெல்லாம் பார்த்தாலே இவ திரும்பி நடக்க ஆரம்பிச்சிடுறா மேடம். இங்கதான் உள்ள வரேன்னா" என்றார். அவள் சேர்ந்தாள். பின்னாலேயே அவள் தோழிகளும் வந்தார்கள். பெஞ்சுகள் நிறைந்தன.

ஒரு மாலை, யாரோ சூத்திரத்தைத் தப்பாகச் சொல்ல, என் கணவர் பழைய வழக்கப்படி மேசையைத் தட்டிக் கத்தினார். முதலில் சேர்ந்த அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்:

"சார், போர்டைப் பார்த்தா நீங்க கத்துவீங்கன்னு தெரியவே இல்லையே."

பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. சமையலறையில் எனக்கும் முடியவில்லை. அவர் கனைத்துக்கொண்டு, அதே சூத்திரத்தை மறுபடி முதலிலிருந்து, கொஞ்சம் சின்னக் குரலில் விளக்க ஆரம்பித்தார்.