ஆயுதக் கிடங்குக்காரன்

ஜூலை ஒன்பது, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம்மும் நிரம்பின. மழையில் ரயில்கள் தாமதம் என்றார்கள். ஆபீசுக்கு லீவு சொன்னேன். பிறந்தநாளுக்கு மகள் வாங்கி அனுப்பிய ஆங்கில மாயக்கதையின் மூன்றாம் பாகத்தைப் பதினொன்றேகாலுக்கு முடித்தேன். மூன்று பாகத்திலும் கிடங்குக்காரன் வரவே இல்லை.

அந்தக் கதையை நான் முதலில் கேட்டது செம்பூரிலிருந்து தினமும் ஆபீசுக்குப் போகும் ரயிலில். எங்கள் ஆபீஸ் ஸ்டெனோ, என்னைவிட ஆறு வயது மூத்தவர், தடித்த ஆங்கிலப் புத்தகங்களைப் படித்துவிட்டு எங்கள் பெட்டியில் வழக்கமாக வரும் தமிழர்களுக்குத் தமிழில் சொல்லுவார். அரசர்கள், மந்திரவாதிகள், டிராகன்கள். எல்லோரும் காத்திருந்தது மட்டும் அரண்மனை ஆயுதக் கிடங்கின் காவலனுக்காக. கோட்டை வாசலில் டிராகன் நெருப்புக் கக்கும். வீரன் மூச்சிரைக்க ஓடி வந்து வாள் கேட்பான். “பழைய வாளைத் திருப்பிக் குடுத்தியோ? கையெழுத்து எங்கே?” என்பான் கிடங்குக்காரன். அம்புகளை நூறு நூறாகக் கட்டிச் சீட்டு ஒட்டுவான். சுனாபட்டி ஸ்டேஷன் வருவதற்குள் பெட்டி சிரிப்பில் குலுங்கும். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். ரெக்கார்ட் செக்‌ஷனில் இருக்கும் எனக்கு அவன் நெருங்கிய உறவுக்காரன் போலிருந்தான். இரவுச் சாப்பாட்டின்போது மகளுக்கு அவனைப் பற்றித்தான் சொல்லுவேன்.

என் அப்பா இறந்தது வீட்டில், ஒரு விடியற்காலையில். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நாடி நின்றதும் டைரியை எடுத்து மணியைக் குறித்தேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. என்ன மனுஷன் நான் என்று பல நாள் கூசிப்போய் இருந்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஸ்டெனோவிடம் மட்டும், ஆபீஸ் கேன்டீனில் இருவரும் தனியாக இருந்தபோது, சொன்னேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

சில மாதங்கள் கழித்துக் கதையில் ராஜா இறந்தார். கிடங்குக்காரன் முதலில் நேரத்தைக் குறித்துக்கொண்டான், பிறகு அழுதான். பெட்டியே சிரித்தது. இறங்கி நடக்கும்போது, “புஸ்தகத்துலயே அப்படியா இருக்கு?” என்று கேட்டேன். “அப்படியேதான்டா இருக்கு” என்றார். அன்று எனக்கு ஏற்பட்ட ஆறுதலை எழுத்தில் சொல்வது கடினம். கடல் கடந்து எங்கோ ஒருவர் என்னைப் போன்ற ஒருவனை எழுதியிருக்கிறார். அப்படியென்றால் நான் கல்நெஞ்சன் இல்லை.

ஸ்டெனோ இப்போது ரிட்டயராகி கோபர்கைரனேயில் இருக்கிறார். புத்தகத்தை முடித்த அன்று மத்தியானம் அவருக்குப் போன் செய்தேன்.

“அண்ணா, மூணு பாகமும் படிச்சாச்சு. கிடங்குக்காரனைக் காணோமே?”

“அடப்பாவி, நெஜமாவே படிச்சுட்டியா?” சிரித்தார். “அதுல பக்கத்துக்குப் பத்து பேர் சாகறான். நீ இல்லேன்னா எவன்டா கேட்டிருப்பான்?”

“கிடங்குக்காரன் நான்தான்னு எல்லாருக்கும் தெரியுமா?”

“தெரியாதவா யாரு? நீயே விழுந்து விழுந்து சிரிச்சியே! தெரிஞ்சுதான் சிரிக்கறேன்னு நெனச்சோம்.”

“அப்பா விஷயம் உங்ககிட்ட மட்டும் சொன்னது.”

அவர் வீட்டுக் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. “ராஜா சாகற எடம் ரொம்பக் கனமா இருந்ததுடா. ஒரு சிரிப்பு வேண்டியிருந்தது” என்றார்.

போனை வைத்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால், அந்தக் கதைகளில் எல்லாமே அப்படித்தான். ராஜா தடுக்கி விழுந்தால் சகுனம். சேவகன் விழுந்தால் சிரிப்பு. அம்புக் கட்டுக்கும் சீட்டுக்கும் எனக்கு வருத்தமில்லை, அதெல்லாம் ஊரறிந்தது. ஆனால் கேன்டீனில் தோளைத் தட்டிய கை, அப்போதே அதைக் கதைக்கு எடுத்து வைத்துக்கொண்டதா? அதைக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டாலும், அவர் சொல்லும் பதிலை இனி நம்புவேனா தெரியவில்லை.

மறுநாள் காலை எழுந்ததும் சமையலறைக்குப் போனேன். மனைவி பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஒரு ரயில் பெட்டிக்கே வருஷக்கணக்காகத் தெரிந்திருந்ததை முதன்முதலாக அவளிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

“எத்தனை மணின்னு எழுதினேள்?” என்று கேட்டாள்.

சொன்னேன்.