பெயர் சொல்லாத நஞ்சு

அப்பா வேலை முடிந்து வந்தால், அவருக்கு முன்பே அவர் சட்டையின் வாடை தெருவுக்குள் வந்துவிடும். அழுகிய பூண்டு போல மூக்கை அரிக்கும் அந்த வாடைக்கு, "அங்கனயே நில்லுங்க, குளிச்சிட்டு வந்து பிள்ளையத் தொடுங்க" என்று அம்மா கத்துவாள். காமயகவுண்டன்பட்டியில் அடுத்தவர் திராட்சைத் தோட்டங்களுக்குப் பூச்சி 'மருந்து' அடிப்பதுதான் அப்பாவின் பிழைப்பு.

அந்தக் கோடை விடுமுறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்த அத்தை மகன் சேவியர், இருபது முகப் பகடையும் ஒரு விதிப் புத்தகமும் கொண்டுவந்தான். ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு கதையை வாயாலேயே சொல்லி ஆடும் ஆட்டம். கதையை நடத்துகிறவன் அவன், நான் கள்வன். கத்தியில் நஞ்சு பூசுவதிலேயே கள்வனுக்கு அந்தச் சுற்றில் ஆடும் வாய்ப்பு போய்விடும். பூசியது ஒரே குத்தோடு தீர்ந்துபோகும். குத்துப்பட்டவன் பகடையை உருட்டி, அந்த நஞ்சுக்குக் குறித்த எண்ணைத் தொட்டுவிட்டால் தப்பித்தான். பழக்கமில்லாதவன் பூசும்போது பகடையில் ஒன்று விழுந்தால் அவனுக்கே விஷம் ஏறும், பயிற்சி பெற்ற கள்வனுக்கு ஏறாது. எனக்குப் பிடிக்காத விதி ஒன்று உண்டு: உருட்டுமுன் நஞ்சின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். என் ரகசியத்தை எதற்குச் சொல்ல வேண்டும் என்று அடம்பிடித்தேன். "பேரச் சொல்லாம, எத்தன விழுந்தா அவன் பொழைப்பான்னு எப்பிடித் தெரியும் புள்ள? ஏமாத்துல்ல இது" என்றான் சேவியர்.

எங்கள் ஊர்த் தோட்டக்காரர்களுக்கும் இந்த ரகசியப் பைத்தியம் உண்டு. தன் குலை மட்டும் எப்படிப் பளபளக்கிறது என்று பக்கத்துத் தோட்டக்காரன் தெரிந்துகொள்ளக் கூடாதாம். வாங்கிய கையோடு டப்பாவின் லேபிளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுத்தான் அடிக்கிறவனிடம் நீட்டுவார்கள். கையுறை கேட்டால், "பழகுன கைதானப்பா" என்பார்கள். அப்பாவும் பயிற்சி பெற்ற கள்வன்தான், அவருக்கு ஏறாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த வயதுக் கழுதைக்கு அவ்வளவுதான் புத்தி!

அந்த விடுமுறையிலேயே ஒரு மதியம், அப்பா கொடிப்பந்தலுக்குக் கீழே வாயில் நுரை தள்ளச் சுருண்டு விழுந்தார். உத்தமபாளையத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து அடிச்சாரு?" லேபிள் இல்லாத டப்பாவோடு நின்ற முதலாளி, ஜீப்பில் கூடவே வந்திருந்த பக்கத்துத் தோட்டக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாரும் அடிக்கிறதுதான் சார்" என்றார். படுபாவி! விளையாட்டுக்குக்கூடச் சேவியர் ஒத்துக்கொள்ளாத ஏமாற்று அது. அம்மா அவர் காலில் விழுந்தாள்: "அய்யா, பேரச் சொல்லுங்கய்யா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்." அவர் அசையவில்லை. போலீஸைக் கூப்பிடுவேன் என்று டாக்டர் சத்தம் போட்ட பிறகுதான், முதலாளி அவரை மூலைக்கு அழைத்துப் போய்க் காதுக்குள் சொன்னார்.

அப்பா பிழைத்தார். ஆனால் கை நடுக்கம் நிற்கவே இல்லை. பிசைந்த சோறு வாய்க்குப் போகுமுன் மடியில் சிந்தும். யார் கேட்டாலும், "மொதலாளி ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தாகல்ல" என்று அவரையே தாங்கிப் பேசிப் பேசி, சில வருஷங்களில் போய்ச் சேர்ந்தார்.

இன்று அந்தப் பந்தல் இல்லை. கல் நட்டு மனையாக்கி விற்றாகிவிட்டது. சேவியர் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறான். முதலாளிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து, "ஒங்கப்பன் மாதிரி ஒழைப்பாளி இனிமே பொறக்கணும்" என்றார். அன்றைக்கு டாக்டர் காதில் சொன்ன பெயர் என்ன என்று கேட்டேன். சுற்றும்முற்றும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, "அதெல்லாம் இப்ப எதுக்கு ஆத்தா?" என்றார்.