நாலு படியும் கோதண்டமும்

பூங்கா வாட்ச்மேன் என்றால் மரத்தடியில் தூங்கிச் சம்பளம் வாங்குகிறவன் என்று ஊரே நினைக்கிறது. நான் நிம்மதியாகத் தூங்கிப் பல மாதமாகிறது. ஆஸ்பத்திரி வாசல், மண்டப வாசல் என்று ஏதாவது ஒரு வாசலில் நின்று கூலி வாங்கியவர்களுக்கு என் பாடு புரியும். உள்ளே விட்டாலும் திட்டு. விடாவிட்டாலும் திட்டு. ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் சத்தியவேடு பூங்கா சின்னதுதான். அதற்கே இப்படி.

பல்லக்கு

வாசலில் நாலு படி. ஏறினால் ஒரு சுழல் கம்பி. மாடும் பைக்கும் நுழையாமல் இருக்க வைத்தது. சக்கர நாற்காலியும் நுழையாது. கோதண்டம் வரும்வரை யாரும் அதை யோசிக்கவில்லை.

கோதண்டம் லாரிக்கு மூட்டை ஏற்றியவர். மூட்டை சரிந்து மேலே விழுந்ததில் கால் இரண்டும் போயிற்று. சாயங்காலம் மருமகள் தேவி நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவாள். கூட்டாளிகள் உள்ளே வேப்பமரத்தடியில் தாயம் உருட்டுவார்கள். இவர் ரோட்டில் இருந்தபடி கத்திக் கத்தி யோசனை சொல்லுவார். ஒருநாள் நாலு பேர் சேர்ந்து நாற்காலியோடு தூக்கினார்கள். ஒருவனுக்குச் செருப்பு வழுக்கியது. கோதண்டம் படியில் விழுந்தார். முழங்கை கிழிந்து ரத்தம். அதற்கப்புறம் தூக்க வந்தவனையெல்லாம் விரட்டினார். "நான் இன்னா உற்சவரா, தோள்ல தூக்கினு போறதுக்கு? எனக்குச் சக்கரம் கீது. உங்க பார்க்குலதான் வழி இல்ல."

பொங்கல் வரைக்கும்

கார்த்திகையில் ஒருநாள் தேவி தனியாக வந்தாள். பக்கத்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். மத்தியான ஷிப்ட். பொங்கல் கழித்துச் சேர வேண்டும். கம்பெனி பஸ் பூங்கா வாசலில்தான் நிற்கும். மாமனாரை உள்ளே விட்டுவிட்டு ஏறிக்கொள்ளலாம், சாயங்காலம் புருஷன் வந்து கூட்டிப்போவான் என்று யோசித்து வைத்திருந்தாள். நாலு படிதான் குறுக்கே.

பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். "நிதி லேது, காசு இல்ல. தர்மம் பண்றவங்க யாராவது இருந்தா பார்த்துக்கோ" என்றார்கள். அதைத் தேவியிடம் வந்து சொன்னேன். "ரோட்டோரம் உட்டுட்டுப் போவ முடியுமா பெரிப்பா? உள்ள வுட வழி இல்லன்னா, வீட்டுல வெச்சு வெளிய பூட்டிக்கினுதான் போவணும்."

உபயம்

திருப்பதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் முதலாளிக்குச் சொந்த ஊர் எங்கள் ஊர். தர்மவான். வருஷத்துக்கு ஒரு பெஞ்சு கொடுப்பார். ஒவ்வொன்றிலும் 'உபயம்' என்று அவருடைய அப்பா பெயர். வாசலில் போட்டால்தான் பெயர் கண்ணில் படும் என்பதால் எல்லாம் வாசலிலேயே நிற்கும். நடக்கிறவனே ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும்.

இந்த முறை பெஞ்சு வேண்டாம், படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை போட்டுக் கொடுங்கள் என்றேன். கிடைக்கிற பெஞ்சையும் கெடுத்துக்கொள்கிறேனோ என்ற பயமும் இருந்தது. அப்பா பெயரை எங்கே போடுவது என்று கேட்டார். பாதையோரம் சுவர் கட்டி அதில் பெயரை வைக்கலாம் என்று நான் சொன்ன பிறகுதான் தலை ஆடியது. அவர் கவலையும் நியாயம்தான். "பெஞ்சுன்னா எங்க நைனா பேரு மேல சாய்வாங்க, பரவால்ல. தரைன்னா மிதிப்பாங்களே பெரியவரே!"

அம்மி

பாதை போட்டார். குறை சொல்ல முடியாது. பெஞ்சுகளையும் உள்ளே தள்ளிப் போடச் சொல்லிவிட்டார். ஆனால் சித்தூரிலிருந்து கிரானைட் இறக்கினார், தன் வீட்டுப் பூஜை அறைக்குப் போட்ட அதே கல். முகம் பார்த்துத் தலை வாரலாம். அன்று மழை. நான்தான் முதலில் ஏறிப் பார்த்தேன். இரண்டாவது அடியில் உட்கார்ந்த வாக்கில் ரோட்டுக்கு வந்துவிட்டேன். வலி பெரிதில்லை. கோதண்டம் இதில் இறங்கினால் என்ன ஆகும் என்றுதான் பயம் வந்தது.

பளபளப்பைக் கொத்திவிட வேண்டும் என்று முதலாளிக்குப் போன் போட்டேன். "கொத்துங்க. நான் வந்து பார்க்க மாட்டேன்" என்று வைத்துவிட்டார். தெருவில் அம்மி கொத்திக்கொண்டு போன கங்கம்மாவைக் கூப்பிட்டு வந்தேன். சாய்ந்து கிடந்த கல்லை மேலும் கீழும் பார்த்தாள். உளியை எடுக்கவில்லை. "கொத்துறேன் பெரியவரே. ஆனா இவ்ளோ பெரிய அம்மில இன்னாத்த அரைக்கப் போறீங்க?"

மாடு

சுழல் கம்பியையும் எடுத்தோம். மறுநாள் காலையில் ஒரு பசுமாடு சரிவில் சாவகாசமாக ஏறி வந்தது. கங்கம்மா கொத்தியது நன்றாக இருந்திருக்கிறது, குளம்பு வழுக்கவே இல்லை. பூச்செடி அத்தனையும் காலி. அதே நேரம் பார்த்துப் பஞ்சாயத்து அதிகாரியும் வந்தார். "ஏமய்யா, இது பார்க்கா, கோசாலையா? கம்பியைத் திரும்ப மாட்டு!"

பொங்கலுக்கு ஒரு வாரம்தான். ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் காதுக்கு விஷயம் போயிற்று. பொங்கலுக்கு அவர்கள் தங்கள் படம் போட்டுப் பேனர் கட்டுவது, மைக் செட் வைப்பது வழக்கம். அந்தக் காசில், கம்பிக்குப் பதிலாக அகலமான கேட் ஒன்று செய்து கொண்டுவந்தார்கள். தாழ்ப்பாளை உட்கார்ந்த கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கச் சொன்னேன். மாடு திறக்காது, கோதண்டம் திறப்பார். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். ஸ்டாண்டுத் தலைவன் விடவில்லை. "அத்த வுடு பெரியவரே. பச்சை பெயிண்டு மட்டும் அடிச்சிடாத. எங்க ஸ்டாண்டு கலரு மஞ்சள்."

ஹாரன்

பொங்கல் கழிந்து தேவி வேலைக்குச் சேரும் நாள் வந்தது. பார்க்க மாட்டேன் என்ற முதலாளி விடிந்ததும் வந்துவிட்டார். சரிவிலேயே பூசணிக்காய் உடைத்தார். குங்குமமும் சதையுமாக வழி முழுக்கச் சேறு. அவரைத் திட்டவும் முடியாமல் நான் குனிந்து பெருக்கினேன், கழுவினேன், சாக்குப் போட்டுத் துடைத்தேன். அதற்குள் மத்தியானம். கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. தேவி ஒரு காலைப் பஸ் படியில் வைத்துக்கொண்டு இங்கேயே பார்க்கிறாள்.

கோதண்டத்தைத் தள்ள நாலைந்து பேர் ஓடினார்கள். ஒரு பார்வை பார்த்தார். நின்றுவிட்டார்கள். தானே சக்கரத்தைப் பிடித்து ஏறினார். பாதியில் நாற்காலி நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. என் கை தானாக நீண்டது. அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பஸ் மறுபடி ஹாரன் அடித்தது. மூச்சைப் பிடித்து ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு. தாழ்ப்பாள் 'டக்' என்றது. அப்புறம்தான் தேவி மற்றக் காலையும் எடுத்துப் பஸ்ஸில் வைத்தாள்.

கோதண்டம் உள்ளே போய் வேப்பமரம், பெஞ்சு, மாடு மேய்ந்த செடி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார். "இன்னாணா, இவ்ளோதானா உங்க பார்க்கு?"

இப்போது கேட் பூட்டும் நேரம் வந்தாலும், மகன் வந்து கூப்பிட்டாலும் ஆட்டம் முடியவில்லை என்று அவர் நகர மறுப்பதால், ஒரு மனுஷனை உள்ளே விட ஊரையே கூட்டிய நான் அவரை வெளியே அனுப்ப யார் வாசலில் போய் நிற்பது என்று தெரியாமல் சாவியோடு உட்கார்ந்திருக்கிறேன்.